அறிவாளியின் கடமை

தெப்பக்குளத்தருகே ஒரு மண்டபத்தில் யுத்த நிதிக் கூட்டம் நடக்கிறது. மேற்கு ஜன்னல் வழியே வரும் மாலை வெயில், மேடையில் நிற்கும் எழுத்தாளர் தில்லைநாயகத்தின் சரிகை அங்கவஸ்திரத்தில் பளபளக்கிறது. "இந்த நேரத்தில் சர்க்காருக்குத் தோள் கொடுப்பதே அறிவாளியின் கடமை!" என்கிறார். முன்வரிசையில் வெள்ளைக்கார கலெக்டர் துரை தலையசைத்ததும் பின்வரிசைகள் கைதட்டுகின்றன. பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டிக்குப் பின்னால் நசீராவின் கைகள் மட்டும் மடியிலேயே கிடக்கின்றன. நோட்டீஸில் இவர் பெயரைக் கண்டு நம்பாமல்தான் நேரில் வந்திருக்கிறாள். போன வருஷம் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, 'இந்த யுத்தத்துக்கு ஒரு பிடி அரிசியும் கொடாதீர்' என்று பெயர் போடாமல் எழுதிக்கொடுத்தவர் இவர். அதை அச்சடித்துத் தெருத்தெருவாக விநியோகித்த அவள் தம்பி கியாசுதீன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். எழுதியது யாரென்று எத்தனை அடித்துக் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை.

பேச்சு முடிந்து, ரோஜா மாலையோடு இறங்கி வருகிறவர் வாசலருகே அவளைக் கண்டதும் நிற்கிறார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

"நல்லா இருக்கியாம்மா? தம்பி... என் பேரை ஒண்ணும் சொல்லிடலியே?"

"சொல்லலீங்க."

பெருமூச்சு விடுகிறார். மாலையில் நசுங்கிய இதழ் ஒன்றைக் கிள்ளி எறிகிறார். முகத்தில் சிரிப்பு திரும்புகிறது.

"பேச்சு கேட்டியா? எப்படி இருந்துச்சு?"

எச்சில் இலையைப் பார்ப்பதுபோல் நசீரா அவரைப் பார்க்கிறாள்.

"தமிழ் நல்லா இருந்துச்சுங்க. போன வருஷமும் நல்லாத்தான் இருந்துச்சு."

தில்லைநாயகம் மகிழ்ந்துபோய்க் கைகூப்புகிறார்.