ஆர்வில் போடாத ஓட்டு

மறு எண்ணிக்கையிலும் ஒரே ஓட்டில் தோற்றேன். அந்த ஓர் இடத்தால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டமன்றமே எதிர்க்கட்சியிடம் போய்விட்டது.

கட்சிச் செயலாளர் லோர்னா என் நண்பன் ஆர்விலைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டுப் போடுற அன்னைக்கு மான் வேட்டை கேக்குதா உனக்கு? ஆட்சியையே கவுத்துட்டியே, பாவி! போ, அந்த மானையே சட்டமன்றத்துக்கு அனுப்பு!"

மாலையில் ஆர்வில் பாதி மான் இறைச்சியோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"மன்னிச்சிடு எல்வுட். உன் மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்குடா."

"விடுடா" என்று வாங்கிக்கொண்டேன். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அதனால் நான் எதிர் வேட்பாளருக்குப் போட்டிருந்தேன்.