அரைக் கிலோ கடலை மாவு

"அஸ்காச் சக்கரை ஒரு கிலோ போடுங்க பாய்" என்று செவ்வந்தி சொன்னதும் கலீல் ரஹ்மான் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரந்தானே வாங்கீட்டுப் போனீங்க, அம்மணி?"

"அது பூராவும் டீயாப் போயிருச்சுங்க."

அவள் புருஷன் வேலன் வீட்டோடு இருக்க ஆரம்பித்து அன்று இருபதாம் நாள்.

மீட்டருக்கு ஐந்து பைசா கூட வேண்டும் என்று தறி ஓட்டுகிறவர்கள் கேட்டார்கள். முடியாது என்று முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார். இவர்களும் வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். யார் முதலில் போய்ப் பேசுவது என்பதில்தான் சோமனூரில் அந்தப் பட்டறை மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

செவ்வந்தியின் வீட்டில் வேலன், அதே பட்டறையில் தறி ஓட்டும் கொழுந்தன் தமிழ்ச்செல்வன், முழுப் பரீட்சை லீவில் இரண்டு பிள்ளைகள்.

தறிக்குப் போகிற வேலனுக்கு மூன்று வேளை பசிக்கும். வீட்டில் இருக்கிற வேலனுக்கு மணிக்கொரு தரம் பசித்தது. பத்து மணிக்கு டீ. பதினோரு மணிக்குப் பொரி. மூன்று மணிக்கு அடுப்படிக்கே வந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அவன் திறந்தால் தம்பியும் திறந்தான். தம்பி திறந்தால் பிள்ளைகளும்.

"மாசம் பூராவும் வர்ற எண்ணெய் பதினேழாந் தேதியே தீந்துபோச்சுங்க" என்றாள் செவ்வந்தி.

"பதினேழா? எங்க ஊட்டுல பதினாலுக்கே காலி."

பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். ஐம்பது வயதிருக்கும். சாயம் போன நூல் சேலை, கையில் ஒயர் கூடை. வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை. செவ்வந்தி அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"உங்க ஊட்டுக்காரரும் தறிக்குப் போகலீங்களாக்கா?"

"இருவது நாளா ஊட்டோடதான், கண்ணு. பொழுதோட ஆனாப் பஜ்ஜி வேணும். இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

"எங்கூட்டுல கடுகு பொரியறதுக்கு முன்னால வெங்காயத்தப் போட்டுட்டன்னு ஒரு பஞ்சாயத்துங்க."

"அது பரவால்ல. எங்கூட்டுல குக்கர் விசில் எண்ணறாரு. நான் மூணு உடறனாம், ரெண்டே போதுமாம். முப்பது வருசமாப் பருப்பு வேக வெக்கறவ நானு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கலீல் ரஹ்மான் மட்டும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே நிறுத்துக் கட்டிய கடலை மாவைப் பிரித்து இன்னொரு முறை நிறுத்தார்.

சிரித்து முடித்ததில் செவ்வந்திக்கு மனசு இளகிவிட்டது.

"எல்லாம் அந்த முதலாளியாலதானுங்கக்கா. கஞ்சப் பிசினாறி!"

கலீல் ரஹ்மானுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மிளகாய் மூட்டைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்படீங்கற?" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த அஞ்சு பைசா ஒரு நாளைக்கு என்ன வரும்?"

"ஆளுக்கு ஏழு ரூவா வருமுங்க."

"ஏழு ரூவாயா?"

"ஏழேதானுங்க."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. தன் கூடையைக் குனிந்து பார்த்தாள். ஒரு லிட்டர் எண்ணெய், கால் கிலோ பஜ்ஜி மிளகாய், ஒரு பாக்கெட் அப்பளம். மேலே வைக்கச் சொல்லிக் கலீல் ரஹ்மான் நீட்டிய அரைக் கிலோ கடலை மாவு.

அவள் அதை வாங்கவில்லை.

"பாய், கடல மாவு வேண்டாம். எடுத்து வெச்சுக்குங்க."

பிறகு செவ்வந்தியிடம் திரும்பினாள்.

"உங்க ஊட்டுக்காரரு பேரென்ன, கண்ணு?"

"வேலனுங்க."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு. அஞ்சு பைசாவும் உண்டுன்னு சொல்லு. பட்டறச் சாவி எங்கிட்டத்தான் இருக்குது."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெயிலைப் பொருட்படுத்தாமல் வேகமாக நடந்து போனாள்.

செவ்வந்தி கலீல் ரஹ்மான் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க பாய், முதலாளி ஊட்டம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"ரெண்டு பேரும் என்ர கடைக்கு வர்றவீங்க, அம்மணி" என்றார் கலீல் ரஹ்மான். "நான் எப்படிங்க குறுக்க பேசறது?"

நாளைக்குப் பட்டறை திறக்கிறார்கள், ஐந்து பைசாவும் தருகிறார்களாம், கடைவீதியில் பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் அவள் வீட்டில் சொன்னாள். அண்ணனும் தம்பியும் குதித்த குதியில் யார் சொன்னது என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் பொழுது சாய, தலையெல்லாம் பஞ்சோடு வந்த வேலன் வாசலிலேயே நின்று சத்தமாகச் சொன்னான்.

"முதலாளி எறங்கி வந்துட்டாரு, புள்ள. இருவது நாளு நாங்க அசையாம உக்காந்தமில்ல? எங்க ஒத்துமையப் பாத்துப் பயந்துபோட்டாரு!"

"ஆமாங்க" என்றாள் செவ்வந்தி. "வேற ஆருக்கு அவரு பயப்படப் போறாரு?"