வேர்மண்

ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் செல்வநாயகமும் மனைவி எஸ்தரும் மகள் ஜெசியின் இயற்கைப் பண்ணைக்கு வேலைசெய்ய வந்துவிடுவார்கள். அவர் களையோடு கத்தரி நாற்றையும் வேர்மண் உதிராமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டே முன்னால் போவார். எஸ்தர் ஏசிக்கொண்டே அவற்றைத் திரும்ப நட்டபடி பின்னால் வருவாள்.

"கண்ணு தெரியலன்னு அப்பாட்ட சொல்லிராத, மனசு ஒடஞ்சிருவாரு" என்று மகளை எச்சரித்திருந்தாள்.

இந்த ஆண்டு எஸ்தரால் முழங்காலை மடக்க முடியவில்லை. வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஜெசி பாத்திகளைச் சுற்றிப் பார்த்தாள். களை ஒன்றுகூட இல்லை. நாற்று ஒன்றுகூடக் குறையவில்லை.

"என்னப்பா, இன்னைக்கு ஒரு நாத்தக்கூடப் பிடுங்கலயே?"

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் கட்டில் பக்கம் பார்த்தார்.

"பின்னால வர ஆளில்லையேம்மா."