ஐந்து மணி எதிரி

நம்மாள் காலை அட்டவணையைச் சுவரில் ஒட்டியபோது அவன் மனைவி தடுக்கவில்லை. இதற்கு முன்னால் ஒட்டிக் கிழித்த நாலு அட்டவணைகளின் பசைக் கறையையாவது இது மறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அஞ்சு மணிக்கு எழுந்திருப்பது, அஞ்சு அஞ்சுக்கு ஸ்கிப்பிங், ஆறு மணிக்குப் படிப்பு. இரண்டே மாதம்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கிறவனுக்குத் தீயணைப்பு வீரனாக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இரண்டு முறை எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் பாதி வழியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அட்டைப்பெட்டிதான்.

தெருவில் ஓடிப் பயிற்சி செய்யலாம் என்றால், அவனைவிட நாய்கள் அதிக ஆர்வம் காட்டின. அதனால்தான் வீட்டுக்குள் கயிறு.

முதல் நாள் அவன் குதிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் கீழ் வீட்டு அம்மாள். ரொட்டிக் கம்பெனியில் வேலை, தனியாள், ஐம்பதை ஒட்டிய வயது. கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி, பீரோவை நகர்த்தறீங்களா?"

நம்மாள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சொற்பொழிவு ஆற்றினான். அட்டவணையைக் காட்டினான். லட்சியம், ஒழுக்கம், கடைசி வாய்ப்பு என்று மூச்சு விடாமல் அடுக்கினான். அந்த அம்மாள் அட்டவணையை ஒரு தடவை படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே போய்விட்டார்.

மறுநாள் காலை அஞ்சு மணி. நம்மாள் கைப்பேசி அலாரத்தின் வாயை அடைத்துவிட்டுப் புரண்டு படுத்தான். கட்டிலுக்கு நேர் கீழிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக். யாரோ ஒட்டடைக் கம்பால் கூரையைக் குத்துகிற சத்தம்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "பார்த்தியா, கம்பை எடுத்துட்டாங்க."

"நீங்க இன்னும் குதிக்கவே இல்லையே" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து.

"அதைத்தான் சொல்றேன். குதிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே மிரட்டறாங்க. யார்கிட்ட?"

வீம்புக்கென்றே அன்று முன்னூறு குதித்தான்.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். அஞ்சு மணி ஆனால் டொக், டொக். நம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுவான், கயிற்றை எடுப்பான். அவன் குதிக்க ஆரம்பித்ததும் கம்புச் சத்தம் நின்றுவிடும். தோற்றுப்போய் அடங்கிவிட்டார்கள் என்று அவனுக்குப் பரம திருப்தி. ஒருநாள் ஜலதோஷம் என்று படுத்தே கிடந்தான். அன்றைக்குக் கம்பு ஓயவே இல்லை. கடுப்பில் எழுந்து ஐந்நூறு குதித்தான், ஜலதோஷமும் பாதி போயிற்று.

ஒருநாள் தவறாமல் அஞ்சு மணிக்கு எழுகிறவன் என்று கிடங்கில் அவன் வைத்ததுதான் சட்டமாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ரகசியம் கேட்டார்கள். எல்லாம் மனஉறுதிதான் என்றான். கீழ் வீட்டில் ஒரு பொம்பளை தினமும் என்னை முடக்கப் பார்க்கிறாள், நான் அசைந்து கொடுக்கவில்லை என்றான். கேட்டவர்கள் அந்த முகம் தெரியாத பெண்மணியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நம்மாள் தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். பணி நியமனக் கடிதமும் வந்துவிட்டது. மனைவி அழுதே விட்டாள். அவனுக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் கையோடு இன்னொரு ஆசையும் கிளம்பியது.

"கீழே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சந்தோஷத்தைச் சொல்லப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

"அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

சாயங்கால நேரம். அந்த அம்மாள் கம்பெனிச் சீருடையில், வாசற்படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நம்மாள் கடிதத்தை நீட்டினான். அவர் எழுத்துக்கூட்டி முழுசும் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், வேலை கிடைத்தது இவனுக்கா அவருக்கா என்று சந்தேகமே வந்துவிடும்.

தயார் செய்துவைத்திருந்த வசனத்தை விட மனமில்லாமல் நம்மாள் சொல்லியேவிட்டான்.

"நீங்க எவ்வளவோ தடுத்துப் பார்த்தீங்க. நான் விடலை."

"நான் எங்கப்பா தடுத்தேன்?"

"தினமும் அஞ்சு மணிக்குக் கம்பால இடிச்சீங்களே."

"நீங்கதானே அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும்னீங்க" என்றார் அவர், ஒன்றும் புரியாமல். "நான் வந்து பெல் அடிச்ச அன்னிக்கு மணி ஆறாகப் போகுது. அட்டவணையில அஞ்சுன்னு இருக்கு. சரி, இந்தப் பிள்ளை தானா எழுந்திருக்காது, கடைசி வாய்ப்பு வேற போயிடும்னுதான் தட்டினேன்."

நம்மாளுக்குக் கிடங்கில் பேசினதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கடைசியில், தினமும் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று முனகினான்.

"ஒரு சிரமமும் இல்லை. எனக்கு ராத்திரி ஷிப்டு. வீட்டுக்கு வர நாலே முக்கால் ஆகும். உங்களைத் தட்டி விட்டுட்டு, நீங்க குதிச்சு முடிச்சதும் தூங்கிடுவேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு தம்பி. அன்னிக்கு மட்டும்தான், உங்களைத் தட்டறதுக்காக அலாரம் வச்சு எழுந்திருக்கணும்."