யார் வீட்டுத் தெள்ளு?

“இந்த ராயபுரத்துல ஒண்ணு உன் பூனை இருக்கணும், இல்லே நான் இருக்கணும்!”

பின்சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினாள் தேவகிருபை. இடது கை சுவரைப் பிடித்திருந்தது. வலது கைக்குச் சொறிகிற வேலை.

கல்மண்டபத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் வேதமாணிக்கத்தின் மனைவி அவள். சுத்தத்துக்குப் பேர் போனவள். அவள் வீட்டுக்குள் தூசி வருவதானால்கூட வாசலில் காலைக் கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். அப்பேர்ப்பட்ட வீட்டில் தெள்ளுப்பூச்சி! அதுவும் மகள் எல்சியைப் பெண் பார்க்க வருகிற வாரத்தில்!

“இன்னாக்கா, காலங்காத்தால?”

துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள் பக்கத்து வீட்டு பதுருன்னிசா. புருஷன் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். அவளுடைய சாம்பல் நிறப் பூனை, சுவரேறிக் குதித்து தேவகிருபையின் கருவாட்டுச் சட்டியை அவ்வப்போது விசாரித்துவிட்டுப் போகும்.

“என் காலைப் பாரு. எல்லாம் உன் பூனை கொண்டுவந்த சீர்!”

“கோச்சுக்காதக்கா, இதோ பாரு.” பூனையை மடியில் போட்டுப் பேன்சீப்பால் வாரினாள். சீப்பை வெந்நீரில் முக்கிக் காட்டினாள். “இதும் மேல ஒண்ணு ரெண்டுதான் கீது. வேப்பெண்ணெ தடவி வுட்டுடறேன். ஆனா முட்டையெல்லாம் பாயில, தலகாணில, தரை வெடிப்புல கீதுக்கா. பாயெல்லாம் வெயில்ல போட்டு, தரைக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவு. நான் வேணா வந்து...”

“என் வீட்டுலயா? நாங்க பினாயில் போட்டுக் கழுவுறவங்கடி!”

அன்று மதியமே மண்டி வண்டிக்காரன் பூனையைக் கோணியில் போட்டுக் கொண்டுபோய் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் விட்டுவிட்டு வந்தான். பதுருன்னிசா சண்டைக்கு வரவில்லை. முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்த நிம்மதியில் தேவகிருபை பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தாள்.

இத்தனை நாள் பூனையிடம் பசியாறிக்கொண்டிருந்த கூட்டம், அது போனதும் வீட்டு மனிதர்கள் மேல் பாய்ந்துவிட்டது.

“வெள்ளைக்காரனே மூட்டை கட்டிட்டுப் போயிட்டான். இந்தத் தெள்ளு போகமாட்டேங்குதே!” என்று முதுகைக் கதவில் தேய்த்தார் வேதமாணிக்கம். “அந்தப் பாயம்மா சொன்ன மாதிரி பாயெல்லாம் வெளியே போட்டுப் பார்ப்போமா?”

“வெளியே போட்டா தெருவுல என்ன நினைப்பாங்க?”

ஆக, மானம் காப்பாற்றப்பட்டது. பாய்களும் பூச்சிகளும் உள்ளேயே பத்திரமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அடுப்படியில் பதுருன்னிசா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பூனைதான் ஆகாது, பூனைக்காரி சுடுகிற வடை ஆகும்.

எல்சி காப்பித் தட்டோடு வந்தாள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா சிலுவையம்மாள், கணுக்காலில் கையை வைத்து எதையோ நசுக்கி எடுத்தாள்.

“ஏம்மா, இது தெள்ளுதானே?”

அது எள்ளு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள் தேவகிருபை.

அடுப்படியிலிருந்து பதுருன்னிசா ஓடி வந்தாள். “தப்பா நினைக்காதீங்கம்மா. எம் பூனையால வந்த பேஜாரு. கலீஜ் புடிச்ச பூனை, நாள் பூரா இங்கதான் உருண்டுகினு கிடந்துச்சு. அக்கா வூட்டுல பொட்டு அழுக்கு இருக்காதும்மா.”

தேவகிருபைக்கு உயிர் வந்தது. வந்த உயிரை உடனே வேலைக்கு அனுப்பினாள்.

“எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன் உனக்கு? சுத்தம்னா என்னன்னு தெரியுமா? வர்றவங்க முன்னாலே தலையைக் குனிய வெச்சுட்டியே!”

குனிந்தது பதுருன்னிசாவின் தலைதான். எல்சி அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆண்கள் கோயிலில் கல்யாண ஓலை எழுத நாள் பார்க்க ஆரம்பித்தார்கள். தேவகிருபை திரும்பிப் பார்த்தபோது சிலுவையம்மாளைக் காணோம். பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. கதவிடுக்கால் பார்த்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பதுருன்னிசாவின் பக்கத்தில் குந்தியிருந்தாள் சிலுவையம்மாள்.

தேவகிருபை கதவில் காதை வைத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டவள் இப்போது சும்மா இருப்பாளா?

“உள்ளதைச் சொல்லு பாயம்மா. அந்தப் பூச்சி உன் பூனையோடதா, இந்த வீட்டுதா?”

“எம் பூனையோடதுதாம்மா. அக்கா வூடு பளிங்கு மாதிரி.”

சிலுவையம்மாள் பெருமூச்சு விட்டாள்.

“போச்சு போ. எங்க வீடு பூரா பூனைங்க. பாயை உதறினா தெள்ளு மழையாக் கொட்டும். இங்கே கால்ல கடிச்சதும், அப்பாடா, நம்மளை மாதிரி ஜனங்கதான்னு மனசு குளுந்துச்சு. இவ்வளவு சுத்தக்காரி பெத்த பொண்ணு எங்க வீட்டுல வந்து படுப்பாளா? ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்கிடுவா. வேற இடம் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்.”

அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது.

“சம்பந்தி! அவ பொய் சொல்றா, நம்பாதீங்க!” தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள் தேவகிருபை. “அவ பூனை மேல ஒரு குத்தமும் இல்லே. பூச்சியெல்லாம் எங்க வீட்டுப் பூச்சிதான்! வேணும்னா பாயைத் தெருவுல போட்டு உதறிக் காட்டட்டுமா?”