மதுமதிக்கு யார் கொடுத்த புத்தகம்?

"ஏட்டி, கருத்தடைப் புத்தகம் படிக்கியே, யாருட்டி உனக்குக் குடுத்தா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும்!"

கே.கே. நகர் குடியிருப்பின் நாலு மாடிக்கும் கேட்டது, ஜவுளிக்கடை சண்முகவடிவின் குரல்.

"பேரைச் சொன்னா சண்டைக்குப் போவீங்க. சொல்ல மாட்டேன்," என்றாள் மகள் மதுமதி.

அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளையின் அம்மா பூங்கோதை வந்து நிற்க வேண்டும்! சண்முகவடிவு புத்தகத்தை முந்தானைக்குள் ஒளிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"மதினி, அவளை ஏசாதிய. நிச்சயப் புடவை மடிப்புல நான்தான் வச்சு அனுப்பினேன். எனக்குச் சொல்ல ஆளில்லாம அஞ்சு வருசத்துல நாலு பெத்தேன். இவளாவது எல்லாம் தெரிஞ்சு, தானே முடிவு பண்ணட்டும்."

சண்முகவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாகூட எனக்கு இதைச் சொன்னதில்ல மதினி. நீங்க நல்லா இருக்கணும்."

தையில் மதுமதி கோட்டூர்புரத்துக்கு வாழப் போனாள். இப்படி ஒரு மாமியாரைச் சண்முகவடிவு விடுவாளா? மறு வருஷமே இளையவளையும் அந்த வீட்டுக் கடைக்குட்டிக்கே கட்டிவைத்துவிட்டாள்.