ரஷ்யாவிலிருந்து வந்த அரிசி

"ரஷ்யாவுல இருந்து அரிசி வருதுங்க ஐயரே, ரஷ்யாவுல இருந்து!"

சபைக் கமிட்டியில் மூப்பர் ஞானசிகாமணி போதகரைப் பார்த்து மேஜையைத் தட்டிய தட்டில் காப்பித் தம்ளர்கள் குதித்தன.

பாவம், அவருக்கு வயிற்றெரிச்சல். திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனி பூட்டிக் கிடந்து பதினெட்டு நாள் ஆகிறது. நாள் கூலியில் நாலணா ஏற்றச் சொல்லி நூற்றிருபது பேரும் ஸ்டிரைக். வயிறு காய்ந்தால் நாலாம் நாள் தானாக வந்து நிற்பார்கள் என்று நினைத்தார். எவனும் வரவில்லை. ரயில்வே கேட்டுப் பக்கம் சங்கத்துக்காரர்கள் கஞ்சித்தொட்டி திறந்து, தினம் மத்தியானம் வயிறு நிறைய ஊற்றுகிறார்களாம். அதுவும் அரிசிக்கு ஊரே அல்லாடிய அறுபத்தைந்தாம் வருஷத்தில்!

போதகர் மெதுவாகக் கேட்டார்: "அந்த நாட்டுல கோதுமைதானே விளையுது?"

"அதுதானுங்க தந்திரம்!"

மூப்பருக்கு உலகத்தில் ஆகாதவை சினிமா, சீட்டாட்டம், செங்கொடி. முதல் இரண்டுக்காவது மன்னிப்பு உண்டு.

"கடவுளே இல்லைங்கறவன் புடிக்கற கொடிங்க அது. நம்ம சபையாள் எவனாச்சும் அங்க போய்க் கஞ்சி குடிச்சா, அவனுக்குக் கோயில்ல ராப்போசன அப்பம் கெடையாது. தீர்மானம் எழுதுங்க!"

"பசின்னு போனா என்னங்க பண்றது?"

"ஏழைக்குச் சோறு போடறது சங்கத்து வேலையுமில்ல, சர்க்காரு வேலையுமில்லீங்க. சபையோட வேலை! பின்ன எதுக்குங்க பிடியரிசி வெச்சிருக்கறோம்?"

சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். அதுதான் பிடியரிசி.

"அந்தப் பிடியும் வரவரச் சின்னதாப் போச்சு. கை நெறைய அள்ளிப் போடோணும்னு போன மாசமே சொன்னனே, கிருபை, பொம்பளைங்ககிட்டச் சொன்னயா இல்லியா?"

தம்ளர் எடுக்க வந்த அவர் மனைவி கிருபையம்மாள்தான் சபைப் பெண்கள் சங்கத் தலைவி.

"சொல்லிட்டனுங்க. இப்பெல்லாம் ரெண்டு கையாலயும் அள்ளிப் போடறாங்க."

"அப்படிச் சொல்லு!" மூப்பருக்கு அன்றைக்கு வந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

போதகர் ஜெபித்து முடித்தார். முடிப்பதற்குள் மூப்பரின் "ஆமென்!" வந்துவிட்டது. அது எப்போதும் அப்படித்தான். அடிவயிற்றிலிருந்து கிளம்பும், ஊருக்கெல்லாம் முந்தி வரும். ஒருமுறை அந்தச் சத்தத்தில் ஞானஸ்நானக் குழந்தை வீறிட்டு அழுது, அடக்க அரைமணி நேரம் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் மணியனையும் கூட்டிக்கொண்டு மூப்பர் துப்பறியக் கிளம்பினார்.

"அரிசி மூட்டையில ரஷ்ய எழுத்து இருக்கும் மணியா. நல்லாப் பாத்துக்க. போலீசுல சொல்லோணும்."

"எனக்கு ரஷ்ய எழுத்து தெரியாதுங்களே."

"உனக்குப் புரியலீன்னா அது ரஷ்யந்தான். வா!"

இருவரும் கஞ்சித்தொட்டிக்கு எதிரே நின்ற ஒரு பஞ்சு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

மூட்டையில் எந்த எழுத்தும் இல்லை. கஞ்சி கொதித்த பித்தளை அண்டாவில்தான் இருந்தது. சுத்தத் தமிழ்.

'மூப்பர் ஞானசிகாமணி காணிக்கை.'

சபை விருந்துக்கென்று அவரே வாங்கிக் கொடுத்த அண்டா. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று பாத்திரக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டச் சொன்னார். அதனால் லாரிக்குப் பின்னாலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"அடப் பாவிகளா! கோயில் அண்டாவையே திருடிட்டானுகளா?"

"திருடலீங்க போல," என்று மணியன் கையைக் காட்டினான்.

கரண்டியோடு நின்றது கிருபையம்மாள். பக்கத்தில் பிடியரிசிப் பானைகளோடு சபைப் பெண்கள்.

சங்கச் செயலாளர் நாச்சிமுத்து சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டார். "தோழர்களே, கண்ண மூடுங்க! ஜெபம் முடியாம அம்மா கஞ்சி ஊத்த மாட்டாங்க."

நூற்றிருபது தோழர்களும் கண்ணை மூடினார்கள்.

மூப்பருக்கு ரத்தம் தலைக்கேறியது. நாலு அறை விடலாம் என்று காலை எடுத்து வைத்தார். அதற்குள் கிருபை, "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டாள். ஜெபம் என்று காதில் விழுந்தால் மூப்பருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. கையும் குவிந்துகொண்டது.

"இந்தக் கஞ்சிக்காக ஸ்தோத்திரம். அரிசி அள்ளிப் போட்ட சகோதரிகளை ஆசீர்வதியும். எங்க ஊட்டுக்காரரு நல்லவருங்க ஆண்டவரே, வீம்புதான் கொஞ்சம் சாஸ்தி. அந்த நாலணாவ ஏத்திக் குடுக்கற மனச அவருக்குக் குடுத்து, நாளைக்கே கம்பெனியத் தொறக்கப் பண்ணும் பிதாவே..."

"ஆமென்!"

ஊருக்கெல்லாம் முந்தி, அடிவயிற்றிலிருந்து, லாரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

நூற்றிருபது பேரும் கண்ணைத் திறந்து திரும்பினார்கள்.

"மொதலாளி ஒத்துக்கிட்டாருங்க!" என்று நாச்சிமுத்து துண்டைத் தூக்கி வீசினார். ஒரே கைதட்டல்.

"அட இருங்கய்யா! அது ஏதோ வாய்ப் பழக்கத்துல வந்துருச்சு!" என்று மூப்பர் கத்தினார்.

கிருபையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கைதட்டல் நின்றது.

"ஏனுங்க, அப்ப இருவத்தஞ்சு வருசமாக் கோயில்ல சொல்றதும் வாய்ப் பழக்கந்தானுங்களா?"

 மூப்பர் அண்டாவில் தன் பெயரை இன்னொரு தடவை பார்த்தார்.

"மணியா, நாளைக்குக் காலையில கம்பெனியத் தொறந்துரு."

"அந்த நாலணாவுங்க?"

"அதான் ஆமென்னு சொல்லித் தொலைச்சுட்டனே!"